அப்புக்காத்துச் சந்தியோகு சட்டமா அதிபரான விதம்

குருநகர்த் தெருவில் நின்று "சந்தியோகு!" என்று ஒரு குரல் விட்டுப் பாருங்கள். கிழிந்த வலை பொத்துகிறவர் நிமிர்ந்து பார்ப்பார், சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிறுத்துவார், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஆரது?" என்று இன்னொருவர் கேட்பார். பங்குக் கோயில் சந்தியோகுமையோர் கோயில். வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளைக்காவது அவருடைய பெயரை வைக்காவிட்டால் புனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று சனத்துக்கு ஒரு பயம். இப்படி ஊர் முழுக்க ஒரே பெயராகிப் போனதால், ஆளை அடையாளம் காணப் பட்டப்பெயர்தான் கைகொடுத்தது. சுங்கான் சந்தியோகு இருந்தார், கோழிச் சந்தியோகு இருந்தார். நம்முடைய ஆள் அப்புக்காத்துச் சந்தியோகு.

அப்புக்காத்து என்றால் யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞர். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற பெரிய மனிதர். சந்தியோகுவுக்கும் நீதிமன்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவருக்குச் சம்பந்தம் கோட்டோடு மட்டும்தான். அவருடைய மனைவி லூர்த்தம்மாவின் பெரியம்மா, யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அப்புக்காத்து வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்த ஐயாவுக்குப் பெரியம்மாவின் சமையலால் வயிறு வைத்துவிட்டது. கோட்டுப் பொத்தான் பூட்ட மறுத்தது. அந்தக் கோட்டு, பெரியம்மாவின் கைக்கு வந்து, பெரியம்மாவின் கையிலிருந்து புது மருமகனின் தோளுக்கு வந்தது.

மார்கழிக் குளிரில் கடலுக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சாரத்தை மடித்துக் கட்டி, மேலே கறுப்புக் கோட்டோடு அவர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கிய முதல் நாளே, கரையில் நின்ற யாரோ ஒருவன், "பாருங்கோடா, அப்புக்காத்தர் மீனுக்கு வழக்குப் பேசப் போறார்!" என்று கத்தினான். அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது. கோட்டு நாலைந்து மாரிக்குள் உப்பில் இற்று, வள்ளம் துடைக்கிற துணியாகி, பிறகு அதுவுமில்லாமல் போயிற்று. பெயர் மட்டும் ஒரு நூல் பிரியாமல் இருந்தது.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், ஊரிலேயே குறைவாகக் கதைக்கிற மனுசன் அவர்தான். லூர்த்தம்மா ஒரு நாளில் கதைப்பதை அவர் ஒரு வருடத்தில் கதைக்க மாட்டார். அவருடைய வாயில் அதிகம் புழங்கிய சொல் "ஓம்". யாரும் எதையும் கேட்டால் மறுத்துச் சொல்ல வராது. ஒருமுறை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வந்து, "அண்ணை, உங்கடை வள்ளத்தை இண்டைக்கு எடுக்கட்டோ?" என்றான். ஓம் என்றார். "நாளைக்கும் எடுக்கட்டோ?" அதற்கும் ஓம். கடைசியில் ஒரு கிழமை முழுவதும் சொந்த வள்ளத்தில் மற்றவன் தொழில் செய்ய, இவர் கரையில் குந்தியிருந்து கடலைப் பார்த்தார். லூர்த்தம்மா அந்தத் தம்பியின் வீட்டுப் படலையில் போய் நின்று நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் வள்ளம் திரும்பி வந்தது.

இப்பேர்ப்பட்ட மனுசன்தான் தேர்தலில் நின்று வென்றார். அதுவும் சட்டமா அதிபர் தேர்தலில்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் போர் மூண்டு மயிலிட்டிச் சனம் ஊரை விட்டு ஓடி வந்தது. வடக்குக் கரையில் பெரிய மீன்பிடித் துறைமுகம் வைத்திருந்த சனம். ஆழ்கடலில் நாட்கணக்காய் நின்று தொழில் செய்தவர்கள், கையில் அகப்பட்ட சட்டி பானையோடு வந்து குருநகரில் கோயில் வளவிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்துவிட்டு, பிறகு கடற்கரை ஓரமாகக் கொட்டில் போட்டார்கள். சிலர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்த சிறிய வள்ளங்களைக் கடனீரேரியில் இறக்கித் தொழில் தொடங்கினார்கள். குருநகர் மீனவர் சங்கம் அவர்களை அங்கத்தவராகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டதே தவிர, வள்ளத்தைத் துறையில் கட்டிவைக்க இடம் கொடுக்கவில்லை.

இதுதான் அவர்களைப் பிடித்த சனியன். வள்ளம் கட்ட இடமில்லாததால் ஒரு மைல் கட்டை தூரத்துக்கு அப்பால், கண்டல் மரங்கள் நிற்கிற சேற்றுக் கரையில் கட்டினார்கள். முழங்காலளவு சேற்றில் மீன் கூடையைத் தலையில் வைத்து நடந்து வருவதற்குள் துறையில் ஏலம் முடிந்துவிடும். முடிந்த ஏலத்துக்கு வந்த மீனை யார் வாங்குவார்கள்? பாதி கருவாடாகப் போனது, பாதி நாய்க்குப் போனது.

குருநகர்ச் சங்கத்துக்கும் பக்கத்துச் சங்கத்துக்கும் நடுவில் ஒரு துண்டுக் கரை சும்மா கிடந்தது. சும்மா என்றால், பக்கத்துச் சங்கத்தார் அதில் வலை காயப்போடுவார்கள். அதை மயிலிட்டியாருக்குக் கொடுக்கச் சொல்லிக் குருநகர்ச் சங்கம் கேட்டது. பக்கத்துச் சங்கத் தலைவர் தேவராசா ஒரு முரட்டு மனுசன். "உங்கடை கரையிலை இடம் குடுக்காமல் எங்கடை கரையை ஏன் கேக்கிறியள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மனிதர் கோபப்படுவார்கள். இரண்டு தலைவர்களும் கதைக்கப் போய், கதை கைக்குப் போய், ஒருவருக்குச் சேர்ட்டும் மற்றவருக்குச் செருப்பும் போயிற்று.

பங்குச் சுவாமியார் நடுவில் புகுந்தார். இரண்டு சங்கமும் தன் முன்னிலையில் வாசிகசாலையில் வழக்குப் பேச வேண்டும், தான் கேட்டுத் தீர்ப்புச் சொல்வேன் என்றார். ஆனால் அடிபட்ட தலைவர்கள் வாய் திறக்கக் கூடாது. தேவராசா முதலில் குதித்தார். பிறகு, தன் சங்கத்துக்குத் தன்னை விட்டால் ஆளில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதைக்கிறேன் என்று சுவாமியாரிடம் சத்தியம் பண்ணித் தப்பிக்கொண்டார். குருநகர்ச் சங்கம் மட்டும், தனக்காகப் பேச ஓர் ஆளை வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது என்று தீர்மானித்தது.

சங்கத்தின் கிளாக்கர் சோமசேகரம் பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, வானொலியில் உலகச் செய்தி கேட்பவர். செய்தி கேட்ட களைப்பு அவருடைய முகத்தில் எப்போதும் தெரியும். பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து, "நாட்டுக்காக வழக்குப் பேசுற பெரிய ஆளைச் சட்டமா அதிபர் எண்டு சொல்லுறது. எங்கடை நாட்டிலை அவரை மேலையிருந்து நியமிக்கிறாங்கள். அமெரிக்காவிலை கனக்க மாநிலங்களிலை சனமே வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யுது. இண்டைக்கு நாங்கள் செய்யிறது அமெரிக்க முறை" என்றார்.

சனத்துக்குச் சந்தோசப் புளுகம் தாங்க முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நிற்கிற ஊரில் அமெரிக்க முறையில் ஒரு தேர்தல்! அன்றிலிருந்து அது சட்டமா அதிபர் எலெக்சன் ஆயிற்று.

ஒரு போட்டியாளர் அப்போதே தயாராக இருந்தார். செபநாயகம். நாட்டுக்கூத்தில் ராசா வேடம் கட்டுகிறவர். அவர் மேடையில் மந்திரியைக் கூப்பிட்டால் பண்ணைப் பாலத்தில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். அவர் ஒருவரே நின்றால் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் எலெக்சன் இல்லை, எலெக்சன் இல்லாவிட்டால் அமெரிக்கா எங்கே? "வேறை ஆர் நிக்கிறியள்? வேறை ஆர் நிக்கிறியள்?" என்று சோமசேகரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை.

சந்தியோகு அப்போது பின்பக்கக் கதவடியில் நின்றார். வலை காய்ந்திருக்கும், போய் எடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஒரு கால் வாசலுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. சோமசேகரம் அதைக் கண்டுவிட்டு, "என்ன சந்தியோகண்ணை, நிக்கிறியளோ, போறியளோ?" என்று கேட்டார்.

கூட்டம் முடிய முன்னர் நழுவுவதைக் கண்டுவிட்டார்களே என்று சந்தியோகுவுக்கு வெட்கமாகப் போயிற்று. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஓம், ஓம், நிக்கிறன்" என்றார்.

"எழுதுங்கோ! அப்புக்காத்தர் நிக்கிறாராம்!" என்று யாரோ கத்தினார்கள். வாசிகசாலைக் கூரை அதிரச் சிரிப்பு. சந்தியோகு இரண்டு கையையும் ஆட்டி, "இல்லை, நான் நிக்கிறன் எண்டு சொன்னது..." என்று தொடங்கினார். சனம் கை தட்டிய தட்டில் அந்த வசனம் முடியாமலே செத்துப் போயிற்று. சரி, பகிடிக்கு ஒரு பெயர் இருக்கட்டும், வெல்லப் போவது செபநாயகம்தானே என்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டு வலை எடுக்கப் போனார்.

விளையாட்டு வினையானது அறிவித்தல் பலகையில். சங்கத்தில் பல சந்தியோகுகள் இருந்ததால், சோமசேகரம் எப்போதும் செய்கிறபடி பட்டப்பெயரைச் சேர்த்து எழுதி ஒட்டினார். முதலாவது: செபநாயகம். இரண்டாவது: அப்புக்காத்து சந்தியோகு.

குருநகர்க்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். சேற்றுக் கரையிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு வந்து சேர முடியாமல் போன மயிலிட்டிக்காரர் அதன் முன்னால் நின்று நிதானமாக வாசித்தார்கள். அவர்களில் முதியவர் அடைக்கலநாதன். அறுபதைத் தாண்டியவர், பெண்சாதியை இழந்தவர், தங்கை சின்னத்தங்கத்தின் கொட்டிலில் இருக்கிறவர். அவர் பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தங்கையிடம் போய், "பிள்ளை, எங்களுக்காகக் கதைக்க ஒரு அப்புக்காத்தே நிக்கிறார். மற்றவர் கூத்தாடுறவராம். இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றார். அன்று பின்னேரத்துக்குள் கொட்டில் கொட்டிலாகச் செய்தி போய்விட்டது.

குருநகர் வாக்குகளில் பெரும்பகுதி செபநாயகத்துக்கு. சிலது பகிடிக்காகச் சந்தியோகுவுக்கு. மயிலிட்டி வாக்குகளோ ஒன்று விடாமல் அப்புக்காத்துக்கு. எண்ணி முடித்த சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி எண்ணி, மறுபடியும் துடைத்தார். செபநாயகம் வெற்றிக்காக மனப்பாடம் பண்ணி வந்த நன்றியுரையை மடித்து வைக்க வேண்டியதாயிற்று. லூர்த்தம்மாவுக்குச் செய்தி சொன்னபோது அவள் அடுப்படியிலிருந்து எழும்பவே இல்லை. "உந்த மனுசன் வீட்டிலையே வாய் திறவாது. உவரையோ போட்டினம்? சனத்துக்கு விசர்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அடைக்கலநாதன், சின்னத்தங்கம், இன்னும் நாலைந்து பேர் படலையடியில் வந்து நின்றார்கள். கையில் ஒரு பெரிய பாரை மீன், வாழையிலையில் சுற்றியபடி.

"அப்புக்காத்து ஐயா நிக்கிறாரோ?" என்று அடைக்கலநாதன் கேட்டார்.

"அவர் வள்ளத்திலை தண்ணி இறைக்கப் போயிட்டார். இப்ப வந்திடுவார், இருங்கோ" என்றாள் லூர்த்தம்மா.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புக்காத்து ஏன் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிறார்? சின்னத்தங்கம்தான் தமையனின் காதில் விளக்கம் சொன்னாள். "இப்ப கோடு, கச்சேரியெண்டு வழக்கு ஒண்டும் ஒழுங்கா நடக்கேல்லைத்தானே, அண்ணை. பாவம், ஐயாவும் தொழிலுக்குப் போறார் போலை." எல்லாருக்கும் மனம் உருகிவிட்டது. இவ்வளவு படித்த மனிதரையே இந்தச் சண்டை இப்படி ஆக்கிவிட்டதே!

நனைந்த சாரத்தோடு சந்தியோகு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரோ பெரிய ஆள் பின்னால் வருகிறார் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு ஆடுதான் நின்றது.

"ஐயா," என்றார் அடைக்கலநாதன், "நாங்கள் வந்து ரெண்டு வரியம். எங்கடை நியாயத்தைச் சொல்ல ஒரு வாய் இல்லாமல் இருந்தனாங்கள். இனிப் பயமில்லை. நீங்கள் இருக்கிறியள்."

சந்தியோகுவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இவர்கள் பகிடியாக வாக்குப் போடவில்லை. நம்பிப் போட்டிருக்கிறார்கள். ஐயா, நான் அப்புக்காத்து இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆயுள் முழுவதும் பழகிய சொல் முந்திக்கொண்டது.

"ஓம்" என்றார்.

அவர்கள் போன பிறகு லூர்த்தம்மா பாரையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். "இஞ்சேரப்பா, அந்தச் சனத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிப் போட்டு வாங்கோ. செபநாயகம் கதைக்கட்டும்" என்றாள். அதற்கும் ஓம் என்றுவிட்டுப் போனார். போனவருக்குச் சின்னத்தங்கம் தேநீர் கொடுத்தாள். சீனி இல்லாத காலம், பனங்கட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து உடைத்துக் கையில் வைத்தாள். அவள் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அன்றைக்கும் ஏலம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். "இனி உந்தச் சேத்துக்குள்ளை கனநாள் இல்லை, என்ன ஐயா?" என்று கேட்டாள். சந்தியோகு பனங்கட்டியைக் கடித்தார்.  உண்மையைச் சொல்லாமலே திரும்பி வந்தார்.

அந்த ஆள் தன் ஆயுளில் பயந்தது இரண்டொரு தரம்தான். சோளகக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தபோது கூடப் பயப்படவில்லை, நீந்தினார். இப்போது பயந்தார். தன் வாயை நம்பி ஒரு ஊர்ச் சனம் சேற்றில் நிற்கிறது, அந்த வாயோ திறவாது.

பயிற்சி தொடங்கிற்று. செபநாயகம் நல்ல மனம் படைத்தவர், தோல்வியை மறந்து வந்து கதைக்கக் கற்பித்தார். அவருக்குத் தெரிந்த முறை கூத்து முறை. வலது காலை முன்னே வைக்க வேண்டும், கையை மேலே வீச வேண்டும், "கேளும் தேவராசரே!" என்று இழுக்க வேண்டும். சந்தியோகு கையை வீசியதில் யன்னலில் இருந்த போத்தல் விளக்கு விழுந்து உடைந்தது. லூர்த்தம்மா செபநாயகத்தை வெளியே அனுப்பிவிட்டு, தானே தேவராசாவாகக் கதிரையில் ஏறி இருந்தாள். "உங்கடை கரையிலை குடுக்காமல் எங்கடை கரையை ஏன் கேக்கிறியள்? சொல்லுங்கோ பாப்பம்!" என்று அதட்டினாள். சந்தியோகு வெகுநேரம் யோசித்தார்.

"அந்தாள் சொல்லுறது சரிதானே" என்றார்.

லூர்த்தம்மா கதிரையிலிருந்து இறங்கிச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வாசிகசாலை நிறைந்துவிட்டது. நடுவில் மேசை போட்டுச் சுவாமியார் இருந்தார். ஒரு பக்கம் தேவராசாவும் அவருடைய ஆட்களும். மறுபக்கம் குருநகர்ச் சங்கத்தார். பின் வரிசையில், சுவரோடு ஒட்டிக்கொண்டு மயிலிட்டிச் சனம். அடைக்கலநாதன் கோயிலுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு வந்திருந்தார். ஏதோ தன் பிள்ளை பரிசு வாங்கப் போவது போல அவருடைய முகம் இருந்தது.

தேவராசா முதலில் கதைத்தார். சத்தியம் பண்ணியபடி இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. கேட்ட கேள்வியும் பழைய கேள்விதான், ஆனால் இப்போது குரல் இன்னும் பெரிது. அவர் கதிரையில் இருந்ததும் சுவாமியார், "சந்தியோகு, இனி நீர் சொல்லும்" என்றார்.

சந்தியோகு எழுந்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். 

"என்ன அப்புக்காத்தர், வழக்குக்குத் தவணையோ?" என்று தேவராசா கேட்டார். சிரிப்பு எழுந்தது. செபநாயகம் தூரத்திலிருந்து வலது காலை முன்னே வைக்கும்படி சாடை காட்டினார்.

"நான் அப்புக்காத்து இல்லை" என்றார் சந்தியோகு.

சிரிப்பு இன்னும் கூடிற்று. "உது எங்களுக்குத் தெரியாதோ?" என்றார் தேவராசா.

"உங்களுக்குத் தெரியும். அவைக்குத் தெரியாது." சந்தியோகு பின் வரிசைப் பக்கம் திரும்பினார். "ஐயா, பிள்ளையள், நான் அஞ்சாம் வகுப்பு. முந்தி ஒரு அப்புக்காத்தின்ரை பழைய கோட்டைக் குளிருக்குப் போட்டனான். அதிலை வந்த பேர். நீங்கள் பிழையான ஆளுக்கு வோட்டுப் போட்டிட்டியள். வீட்டை வந்த அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். வாய் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னத்தங்கம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடைக்கலநாதனின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. அவர் யாரையும் கோபிக்கவில்லை. தலையைக் குனிந்து வேட்டிக் கரையைத் தடவினார். அந்தத் தடவலைப் பார்த்ததும், கதிரையில் இருக்கப் போன சந்தியோகு மறுபடி நிமிர்ந்தார். 

"சுவாமி, இன்னொண்டு. இந்தப் பேர் இஞ்சை தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இவை ரெண்டு வரியமா எங்களோடை ஒரே கோயில்லை முழங்காலிலை நிக்கினம். ஒரே கிணத்திலை தண்ணி அள்ளினம். 'உது பகிடிப் பேர், உவன் மீன் பிடிக்கிறவன்' எண்டு அவைக்குச் சொல்ல எங்களிலை ஒருத்தர் இல்லை. ஏன் இல்லை? நாங்கள் அவையோடை கதைக்கேல்லை. சேத்தோம், சந்தா வாங்கினோம், கதைக்கேல்லை. ஒரு நாள் இருந்து கதைச்சிருந்தால் இந்தப் பிழை வந்திராது."

மூச்சு வாங்கினார். குருநகர்ச் சங்கத் தலைவர் இருக்கையில் நெளிந்தார்.

"தேவராசா கேக்கிறதும் சரி. எங்கடை துறைக்குப் பக்கத்திலை பழசாப் போன வள்ளங்கள் கவிண்டு கிடக்குது. என்ரை ஒண்டும் கிடக்குது. அதுகளை இழுத்துவிட்டால் இவையின்ரை வள்ளத்திலை பாதியை அங்கை கட்டலாம். நாங்கள் அதைச் செய்யேல்லை. மற்றவன்ரை இடத்தைக் குடுக்கச் சொல்லி எலெக்சன் வைச்சனாங்கள். முதல் பிழை எங்களிலை. அதைச் சொல்லத்தான் என்னாலை ஏலும். வழக்குப் பேச ஏலாது."

கதிரையில் இருந்துவிட்டார்.  ஆயுளில் அவர் கதைத்த நீளமான கதை அது. லூர்த்தம்மா பெண்கள் பக்கத்தில் முன்றானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "தடிமன்" என்றாள்.

தேவராசா சற்று நேரம் தாடையைத் தடவினார். பிறகு சுவாமியாரைப் பார்த்தார். "சுவாமி, அவை தெரிஞ்செடுத்து அனுப்பின ஆளே அவையைக் குற்றவாளி ஆக்கிப் போட்டுது. நான் இனி ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்று கேட்டார். சுவாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேவராசா எழுந்தார். "சரி. அவை பழைய வள்ளங்களை இழுக்கட்டும். நாங்கள் வலை காயப்போடுறதை மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோறம். மிச்ச வள்ளத்தை எங்கடை பக்கம் கட்டட்டும். ஆனால் அவை இழுத்த பிறகுதான்!"

"இண்டைக்கே இழுக்கிறம்!" என்று குருநகர்ப் பக்கத்தில் பலர் எழுந்துவிட்டார்கள். தலைவருக்கு ஒத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. சுவாமியாருக்குத் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. சோமசேகரம் மட்டும் அமெரிக்காவில் இப்படி நடந்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்றார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் தேவராசா பின் வரிசைக்குப் போனார். அடைக்கலநாதனின் முன்னால் நின்று, "அண்ணை, உங்கடை பேர் என்ன?" என்று கேட்டார்.

"அடைக்கலநாதன்."

"அது நிவாரண அட்டையிலை கிடக்கிற பேர். ஊரிலை உங்களை என்னெண்டு கூப்பிடுவினம்? அப்புக்காத்துக்கு நடந்த மாதிரி எனக்கும் பிழை நடக்கக் கூடாது பாருங்கோ."

கிழவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.   சின்னத்தங்கம் மெல்ல அவருடைய முதுகைத் தட்டினாள். "சொல்லுங்கோவன் அண்ணை" என்றாள்.

"புதுமாப்பிள்ளை" என்றார்.

வாசிகசாலை ஒரு கணம் திகைத்துப் பிறகு வெடித்துச் சிரித்தது. வெள்ளைத் தலை, பொக்கை வாய், புதுமாப்பிள்ளை! கிழவரும் சிரிக்கத் தொடங்கினார். "கலியாணத்தண்டு காத்துப் பிழைச்சுப் போச்சு. கடலிலை இருந்து வந்து சேரப் பூசை தொடங்கியிட்டுது. ஈரச் சாரத்தோடை ஓடிப்போய்க் கோயில்லை நிண்டனான். அவள் மீன் மணக்குது எண்டு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாலி கட்ட விட்டவள். அண்டையிலிருந்து ஊரெல்லாம் புதுமாப்பிள்ளைதான். நாற்பது வரியமா." சிரித்துக்கொண்டே சொன்னவர் கடைசியில் கண்ணைத் துடைத்தார். சந்தியோகு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.  அன்றைக்குரிய பேச்சு முடிந்துபோயிருந்தது.

பழைய வள்ளங்களை அன்று பின்னேரமே இழுத்தார்கள். அதில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, இன்னொருவருடைய சாரம் கிழிந்தது, லூர்த்தம்மா எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். அன்றிலிருந்து மயிலிட்டிச் சனம் சந்தியோகுவை ஐயா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு அப்புக்காத்தண்ணை என்றது. கொஞ்ச நாள் அவருக்கு அந்த ஐயா இல்லாதது ஒரு மாதிரித்தான் இருந்தது. யாருக்குத்தான் இராது?

திங்கட்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் சேற்றுக் கரையிலிருந்து வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் துறைப் பக்கம் வந்தன. முதல் வள்ளத்தில் அடைக்கலநாதன் நின்று கம்பூன்றித் தள்ளினார். எங்கே கட்டுவது என்று தெரியாமல் தண்ணீரிலேயே தயங்கி நின்றார். கரையில் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்ற தேவராசா இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"புதுமாப்பிள்ளை! எட புதுமாப்பிள்ளை! உங்கை என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இஞ்சாலை விடுங்கோ!"

கிழவர் உடனே திரும்பவில்லை. கம்பை அப்படியே பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்து முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கரைப்பக்கம் முகத்தைத் திருப்பி, "வாறன்!" என்று குரல் கொடுத்தார்.